உமி முதலில், அரிசி பிறகு

நெல்லைத் தூற்றும்போது காற்றோடு போவது பதர். முறத்தில் புடைத்தாலும் சரி, அறுவடை இயந்திரத்தின் விசிறி ஊதித் தள்ளினாலும் சரி, ஒவ்வொரு போகத்திலும் அது இருக்கத்தான் செய்கிறது. நல்ல விளைச்சல் என்று ஊரே சொல்லும் வயலில்கூட நூறு நெல்லுக்குப் பத்து, பதினைந்து பதராகத்தான் இருக்கும். கெட்ட வருடமென்றால் 'சாவியாப் போச்சு' என்று ஒரே பேச்சில் மொத்தக் கணக்கும் முடிந்துவிடும்.

ஒரு பதரைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியிலிருந்து குறை ஒன்றும் தெரியாது. நீளம், அகலம், மேலே உள்ள சொணை எல்லாம் நல்ல நெல்லுக்கு இருப்பது போலவே இருக்கும். விரலால் அழுத்தினால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். கேள்வி இங்கேதான் பிறக்கிறது. மாமரத்தில் பிஞ்சு பிடிக்காத பூ உதிர்ந்துவிடுகிறது. முருங்கையிலும் அப்படித்தான். சதையோ கொட்டையோ இல்லாமல், தோல் மட்டும் முழு அளவுக்கு வளர்ந்து தொங்கும் மாங்காயை யாரும் பார்த்ததில்லை. நெல் மட்டும் எதற்காக, உள்ளே அரிசியே இல்லாதபோது, உமியை இவ்வளவு ஒழுங்காக வளர்த்து வைத்திருக்கிறது?

நெல்மணி ஒரு பூ

மாங்காயின் தோல் சூலகத்தின் சுவர். பூ கருவுற்ற பிறகுதான் அது வளர ஆரம்பிக்கும். கருவுறாவிட்டால் வளர்ச்சியும் கிடையாது. உமியின் கதை வேறு. அது பழத்தோல் கிடையாது. பூவை இரு பக்கமும் பொத்திக்கொண்டிருக்கும் இரண்டு சிறு செதில்கள்தான் உமி. சாதாரணப் பூவில் இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் நெற்பூவுக்கு இந்தச் செதில்கள் காவல் நிற்கின்றன. பூ திறக்கும் நாளுக்கு முன்பே இவை முழு அளவுக்கு வளர்ந்து முடிந்துவிடும். அந்த நேரத்தில் உள்ளே அரிசி என்று எதுவும் இல்லை. ஆறு மகரந்தத் தாள்கள், கடுகைவிடச் சிறிய ஒரு சூலகம், அதன் தலையில் இறகு போல விரிந்த இரண்டு சூல்முடிகள், அவ்வளவுதான்.

அரிசி பிறகு உருவாகி, ஏற்கெனவே தயாராக இருக்கும் உமிக்குள் நிரம்புகிறது. உமி விட்ட இடத்துக்கு மேல் அது வளர முடியாது. சீரகச் சம்பா குட்டையாகவும் பாசுமதி நீளமாகவும் இருப்பது பெருமளவு பூ திறப்பதற்கு முன்பே தீர்மானமான விஷயம்.

ஆக, தூற்றும்போது பறந்து போவது கருவுறாமல் போன ஒரு பூ. மாம்பூவாக இருந்தால் உதிர்ந்திருக்கும், யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நெற்பூ உதிராமல் கதிரிலேயே நின்றுவிடுவதால் கணக்குக் காட்டுகிறது.

எல்லா வெற்று நெல்லுக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. தண்டுத்துளைப்பான் புகுந்தால் கதிர் முழுவதும் வெளுத்து வெண்கதிராகிவிடும். கதிர் நாவாய்ப்பூச்சி பாலை உறிஞ்சிவிட்டாலும் நெல் கெடும். கருவுற்ற பிறகு தண்ணீரோ சத்தோ போதாமல் பாதியில் நின்றால் அது கருக்காய். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஒரு சிறு நிழல் தெரியும். கருவுறாத பதரில் அந்த நிழலும் இருக்காது. இந்த அத்தியாயம் அந்த நிழல் இல்லாத பதரைப் பற்றியது.

கருவுறாமல் போனதற்கு ஆண் பக்கம் காரணமா, பெண் பக்கமா? இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. இளம் பருவத்தில் குளிரில் அடிபட்ட பூவின் சூல்முடியில், நல்ல செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவிப் பார்த்தார்கள். அரிசி பிடித்தது. சூலகத்தில் கோளாறு இல்லை, கெட்டது மகரந்தம்தான். நெற்பூவில் சூலகம் தாங்கும் தொல்லைகள் பலவற்றை மகரந்தம் தாங்குவதில்லை. ஏன் என்று புரிய, மகரந்தம் உருவாகும் நாட்களுக்குப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 23

ஆடுதுறை 36 போன்ற ஒரு 110 நாள் குறுவை ரகத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் 15ஆம் தேதி நாற்றங்காலில் விதைத்ததாக வைத்துக்கொள்வோம். அறுவடை அக்டோபர் தொடக்கத்தில் வரும். கதிர் முற்ற ஏறக்குறைய முப்பது நாள் ஆகும் என்பதால், பின்னோக்கி எண்ணினால் பூக்கும் நாள் செப்டம்பர் 3 வாக்கில் விழும். அதற்கும் முப்பது நாள் முன்னால், ஆகஸ்ட் முதல் வாரத்தில், தண்டின் அடியில் கதிரின் குருத்து உருவாகிறது. தண்டைப் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் அளவில் வெள்ளையாக ஏதோ தெரியும். அதுதான் பிற்பாடு நூறு, நூற்றைம்பது நெல்மணி தொங்கப் போகும் கதிர்.

நம் கதைக்கு முக்கியமான நாள் பூக்கும் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், ஆகஸ்ட் 23ஐ ஒட்டி வருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அன்று விசேஷம் எதுவும் தெரியாது. கடைசி இலையான கண்ணாடி இலை விரிந்திருக்கும். தண்டு உருண்டு, பொதி கட்டியிருக்கிறது என்பார்கள். கதிர் இன்னும் உறைக்குள்தான். அந்த உறைக்குள், ஒவ்வொரு பூவுக்குள்ளும் இருக்கும் ஆறு மகரந்தப் பைகளுக்குள், ஒரு பிரிவினை நடக்கிறது.

நெற்பயிரின் செல் ஒவ்வொன்றிலும் 24 குரோமோசோம்கள் உண்டு. மரபுச் செய்திகளைத் தாங்கும் இழைகள் இவை. பன்னிரண்டு தகப்பன் வழி, பன்னிரண்டு தாய் வழி. சாதாரணமாக ஒரு செல் இரண்டாகும்போது இரண்டு பங்குக்கும் 24 கிடைக்கும். மகரந்தப் பைக்குள் இருக்கும் தாய்ச் செல்கள் மட்டும் வேறு வழியில் பிரிகின்றன. அடுத்தடுத்து இரண்டு முறை பிரிந்து நான்கு செல்களாகின்றன. ஒவ்வொன்றிலும் 12 குரோமோசோம்களே மிஞ்சும். பள்ளிப் பாடத்தில் இதைக் குன்றல் பிரிவு என்று படித்திருப்பீர்கள். பாதியாக்கக் காரணம் எளிது: பின்னால் சூலகத்திலிருக்கும் இன்னொரு பாதியோடு சேர்ந்து மறுபடி 24 ஆக வேண்டும்.

பிரிந்த நான்கும் கொஞ்ச நேரம் ஒட்டியிருந்துவிட்டுத் தனித்தனியாக விலகும். ஒவ்வொன்றும் ஒரு மகரந்தத் துகளாகப் போகிறது. அடுத்த சில நாட்களில் அந்தத் துகளுக்குள்ளேயே இன்னொரு பிரிவு: ஒரு பெரிய செல், அதற்குள் ஒரு சிறிய செல். சிறிய செல் மீண்டும் ஒரு முறை பிரிந்து இரண்டு விந்தணுக்களாகிறது. கடைசி இரண்டு மூன்று நாட்களில் பெரிய செல் தன்னுள் மாவுச்சத்தைச் சேமித்து நிறைத்துக்கொள்கிறது. நெல் மகரந்தம் நல்லதா என்று ஆய்வகத்தில் பார்க்க அயோடின் கரைசலில் போடுவார்கள். மாவுச்சத்து உள்ள நல்ல துகள் கறுத்துவிடும்; கெட்டது மஞ்சளாகவே சுருங்கிக் கிடக்கும். பள்ளியில் உருளைக்கிழங்குத் துண்டின் மேல் அயோடின் விட்டுப் பார்த்தோமே, அதே வேதியியல்தான்.

துகள் மகரந்தமாகத்தான் ஆக வேண்டும் என்பது முதலிலேயே கல்லில் எழுதிவைத்ததும் இல்லை. 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் இளம் மகரந்தப் பைகளைச் சத்துக் கரைசலில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பைக்குள்ளிருந்து குட்டிக் கருக்கள் எட்டிப் பார்த்தன. மகரந்தத் துகள்களே முளைத்துச் செடியாகத் தொடங்கியிருந்தன; சூலே இல்லாமல், பாதிக் குரோமோசோம்களோடு. பயிர் வளர்ப்பாளர்களுக்குப் பல தலைமுறை வேலையை மிச்சப்படுத்திய கண்டுபிடிப்பு அது. பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். இந்திய உயிரியலில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

சாக வேண்டிய நேரத்தில் சாவது

மகரந்தத் துகள்கள் தாமாகச் சாப்பிட முடியாது. பைக்குள் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும் அவற்றுக்குச் செடியின் நரம்புகளோடு நேரடித் தொடர்பு இல்லை. இடையில் நிற்பது பையின் உள்சுவரை மெழுகியது போலப் படிந்திருக்கும், ஒரே ஒரு செல் தடிப்புள்ள ஒரு படலம். தாவரவியல் நூல்கள் டபீட்டம் என்கின்றன. ஊட்டுப்படலம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம், வேலை அதுதான். சர்க்கரையையும் புரதத்தையும் செடியிலிருந்து வாங்கித் துகள்களுக்குக் கடத்துவது அது. துகள்களின் மேலோட்டுக்கான பொருளைத் தயாரிப்பதும் அதுவே. அந்த ஓட்டுப் பொருளுக்கு ஸ்போரோபொலெனின் என்று பெயர். உயிர்கள் செய்யும் பொருள்களில் இதைவிடக் கெட்டியானது அபூர்வம். அமிலத்தில் கரையாது, சேற்றில் மக்காது. நீலகிரி மேட்டுச் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த மகரந்தத்தை வகைபிரித்து எண்ணித்தான், சோலைக் காடும் புல்வெளியும் அங்கே எப்படி மாறி மாறி விரிந்தன என்று கணிக்கிறார்கள்.

ஊட்டுப்படலத்தின் கடைசி வேலை சாவது. துகள்கள் தனித்தனியாகி வளரும்போது, படலத்தின் செல்கள் திட்டமிட்டபடி தம்மைத் தாமே குலைத்துக்கொண்டு, தம்மிடம் மிஞ்சிய சத்தையெல்லாம் துகள்களுக்கு விட்டுவிடும். இதற்கு நேரம் முக்கியம். சீக்கிரம் செத்தால் துகள்கள் பட்டினி. சாகாமல் நீடித்தாலும் துகள்கள் பட்டினி.

சாகாமல் நீடிப்பதற்கு உதாரணம் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் இருக்கிறது. நெல் வெப்ப நாட்டுப் பயிர். அதைக் குளிர் நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக்கியவர்கள் அவர்கள். சில வருடங்களில் கோடை சரியாகச் சூடேறாது. பயிர் பச்சையாக, ஆரோக்கியமாக நிற்கும், கதிரும் வரும், அறுத்தால் பதர். எந்தப் பருவத்துக் குளிர் இப்படிச் செய்கிறது என்று சதாகே, ஹயாசே என்ற இரு ஆய்வாளர்கள் நாள் நாளாகப் பிரித்துச் சோதித்தார்கள். 1970இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, நம் ஆகஸ்ட் 23ஐ ஒட்டிய அதே கட்டத்தைக் காட்டியது: நான்காகப் பிரிந்த துகள்கள் விலகும் சமயம், கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால். அப்போது குளிர் தாக்கினால் ஊட்டுப்படலம் குலைவதற்குப் பதிலாக வீங்கிக்கொண்டு நிற்கிறது. சத்து அதிலேயே தங்கிவிடுகிறது, துகள்கள் வற்றிப்போகின்றன.

இதற்கு ஜப்பானிய விவசாயிகள் செய்யும் வைத்தியம் அழகானது. அந்தப் பத்து நாள் மட்டும் வயலில் இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீரை ஏற்றி நிறுத்துவார்கள். இரவுக் காற்றைவிடத் தண்ணீர் சூடாக இருக்கும். கதிர் அப்போது தண்டின் உள்ளே கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. அதனால் இளம் மகரந்தப் பைகள் தண்ணீருக்குள் மூழ்கிக் கதகதப்பாக இருக்கும். ஆனாலும் எல்லா வருடமும் இது போதாது. 1993இல் கோடைக் குளிரால் ஜப்பானின் நெல் விளைச்சல் வழக்கமானதில் நான்கில் மூன்று பங்காகச் சரிந்தது. சொந்த அரிசியைத் தவிர வேறெதையும் கிட்டே சேர்க்காத நாடு தாய்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அவசர அவசரமாக அரிசி வாங்கியது.

காலை பத்து மணி

செப்டம்பர் 3க்கு வருவோம். கதிர் வெளியே வந்துவிட்டது. ஒரு கதிரின் பூக்கள் எல்லாம் ஒரே நாளில் திறப்பதில்லை. நுனியில் ஆரம்பித்து அடி வரை வர ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். நாம் நுனியில் இருக்கும் ஒரு பூவைப் பார்ப்போம்.

காலை ஒன்பதரை, பத்து மணி. வெயில் ஏறியிருக்கிறது. உமியின் இரு பாதிகளுக்கும் அடியில், சூலகத்தின் காலடியில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இரண்டு குட்டிச் செதில்கள் இருக்கின்றன. பஞ்சு போன்ற அவை திடீரென்று தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. லாரியின் அடியில் ஜாக்கியை வைத்து ஏற்றுவது போல, உமியின் ஒரு பாதியை வெளியே தள்ளித் திறக்கின்றன. அதே சமயம் மகரந்தத் தாள்கள் விறுவிறுவென்று நீள்கின்றன. பைகளுக்குள் மகரந்தத் துகள்களும் நீர் உறிஞ்சி உப்பி, பையின் சுவரை உள்ளிருந்தே நெக்குகின்றன. பை மேலும் கீழும் வெடித்துப் பிளக்க, துகள்கள் அடியில் விரிந்திருக்கும் சூல்முடி மேல் கொட்டுகின்றன. நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. காற்றுகூடப் பெரிதாகத் தேவையில்லை. தன் மகரந்தம் தன் மேலேயே விழுந்துவிடும். சாகுபடி நெல்லில் பக்கத்துச் செடியின் மகரந்தத்தால் கருவுறுவது சாதாரணமாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். செதில்கள் வற்ற, உமி மூடிக்கொள்ளும். இனி அறுவடை வரை அது திறக்காது. மகரந்தப் பைகள் மட்டும் வெளியே மாட்டிக்கொண்டு தொங்கும். வரப்பில் நின்று பயிர் பூத்துவிட்டது என்று நாம் சொல்லும்போது பார்ப்பது அந்தப் பைகளைத்தான். அவை காலி, அவற்றுக்கான வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

பையை விட்டு வெளியே வந்த நெல் மகரந்தத்தின் ஆயுள் ஐந்து, பத்து நிமிடம்தான். பேரீச்சையின் மகரந்தத்தை உலர்த்தி அடுத்த வருடத்துக்குக்கூட வைத்திருப்பார்கள். கையால் தூவி மகரந்தச் சேர்க்கை செய்யும் வழக்கம் பழைய மெசபடோமியாவிலேயே உண்டு. புல் குடும்பத்தின் துகள்களுக்கு அப்படிக் காய்ந்து கிடக்கத் தெரியாது. நீர் நிறைந்த உடம்போடு, புறப்பட ஆயத்தமாக வருகின்றன. நீர் வற்றியதும் கதை முடிந்தது. வேறொரு விதத்திலும் முடியலாம். மழைத்துளியில் விழுந்த துகள் அளவுக்கு மீறி நீரை இழுத்து வெடித்துவிடும். பூக்கும் வாரத்தில் காலை மழை பிடித்துக்கொண்டால் விவசாயி முகம் கறுப்பது இதனால்தான். பூக்கும் நாட்களில் பூச்சிமருந்து அடிக்க வேண்டியிருந்தால் காலையில் அடிக்காமல் மாலைக்குத் தள்ளிப்போடச் சொல்வதும் இதனால்தான்.

முப்பத்தைந்து டிகிரி

குளிருக்கு மகரந்தம் தயாராகும் பருவம் பலவீனம் என்றால், சூட்டுக்கு இந்த ஒரு மணி நேரம் பலவீனம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1970களின் இறுதியில் நடந்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. பூ திறந்திருக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி ஒரு மணி நேரம் நின்றாலே பதர் கூட ஆரம்பிக்கிறது. முந்தைய நாளோ மறுநாளோ அதே சூடு அடித்தால் சேதம் வெகு குறைவு. சூட்டில் துகள்கள் சரியாக உப்புவதில்லை. பை சரியாக வெடிப்பதில்லை. சூல்முடியில் விழ வேண்டிய மகரந்தம் பைக்குள்ளேயே கிடந்துவிடுகிறது. ஒரு சூலுக்கு ஒரு துகள் போதுமே என்று தோன்றலாம். நடைமுறையில் சூல்முடியில் பத்துத் துகளாவது முளைத்தால்தான் கருவுறுதல் நிச்சயம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ரிவரினா பகுதியில் நெல் பூக்கும்போது காற்று வெப்பம் 40 டிகிரியை ஒட்டிப் போவதுண்டு. அங்கே பதர் அவ்வளவாக இல்லை. காற்று வறண்டது, தண்ணீர் நிற்கும் வயலில் பயிர் தாராளமாக நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கதிரின் வெப்பம் காற்றைவிட ஆறேழு டிகிரி குறைவாக இருந்ததை அளந்திருக்கிறார்கள். ஈரப்பதம் மிகுந்த வெப்பமண்டல டெல்டாக்களில் அந்தச் சலுகை கிடையாது. வியர்வை காயாத நாளில் நமக்கு இருக்கும் அவதிதான் கதிருக்கும். வானிலை அறிக்கையில் வரும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பதரைக் கணிக்க முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

சூட்டைத் தாங்கும் பூவைத் தேடுவது ஒரு வழி. இந்தியாவின் பழைய ரகமான நாகினா 22 அதற்குப் பெயர்போனது. உலக ஆய்வகங்களில் இன்றும் அதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு வழி, சூடு ஏறுவதற்கு முன்பே பூவைத் திறக்கவைப்பது. ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல் விடியற்காலையிலேயே பூக்கும் பழக்கமுள்ளது. அதன் குரோமோசோமில் ஒரு துண்டைப் பயிர் நெல்லுக்குக் கொண்டுவந்தபோது, ஐ.ஆர். 64 ரகத்தின் பூ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னதாகவே திறந்தது. சூட்டோடு மல்லுக்கட்டாமல் அதற்கு முன்னால் எழுந்துவிடும் இந்த யோசனை எனக்கு மற்றதைவிடப் பிடித்திருக்கிறது.

குழாய் தேடும் வழி

சூல்முடியில் ஒட்டிய துகள் சில நிமிடங்களில் முளைக்கிறது. துகளின் ஓட்டில் ஒரே ஒரு துளை உண்டு. அதன் வழியே மெல்லிய குழாய் ஒன்று நீண்டு சூல்முடிக்குள் இறங்குகிறது. இதை முதலில் பார்த்தவர் இத்தாலியரான ஜொவான்னி பத்திஸ்தா அமிச்சி, 1824இல். பருப்புக்கீரைப் பூவின் சூல்முடி மயிர் ஒன்றை, அதனுள் ஓடும் சாறைப் பார்ப்பதற்காகத் தன் நுண்ணோக்கியில் வைத்திருந்தார். அதன் மேல் ஒட்டியிருந்த மகரந்தத் துகள் அவர் கண்ணெதிரே வெடித்துக் குழாய் விட்டது. தேடாமலே கிடைத்தது.

நெல்லின் மகரந்தத் துகள் ஒரு மில்லிமீட்டரில் இருபது, இருபத்தைந்து வரிசையாக அடுக்கக்கூடிய அளவே. அது தன்னைப் போல் பல பத்து மடங்கு நீளமுள்ள குழாயை விட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சூலை எட்டிவிடுகிறது. மாவுச்சத்தைச் சேமித்து வைத்தது இந்த ஓட்டத்துக்குத்தான். விந்தணுக்களுக்கு நீந்தத் தெரியாது. பாசிகளிலும் பெரணிகளிலும் அவை நீரில் நீந்திப் போகும். பூக்கும் தாவரங்களில் அந்தத் திறமை தொலைந்துவிட்டது. குழாய்க்குள் சுமந்துகொண்டு போக வேண்டும்.

வழி எப்படித் தெரிகிறது? ஜப்பானைச் சேர்ந்த தெட்சுயா ஹிகாஷியாமா இதற்காக டொரேனியா என்ற தோட்டச் செடியைத் தேர்ந்தெடுத்தார். அதில் முட்டை இருக்கும் பை சூலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மூடிமறைவு இல்லாமல் பார்க்கலாம். முட்டைக்குப் பக்கத்தில் இரண்டு துணைச் செல்கள் உண்டு. லேசரால் அவற்றைச் சுட்டுப் பொசுக்கியதும் குழாய்கள் திசை தெரியாமல் அலைந்தன. ஒன்று மிஞ்சியிருந்தாலும் வந்தன. இது 2001இல். அந்தத் துணைச் செல்கள் கசியவிடும் சிறு புரதங்கள்தான் குழாயை இழுக்கின்றன என்று 2009இல் அவர் குழு பிரித்துக் காட்டியது.

நாம் சாப்பிடுவது இரண்டாவது திருமணத்தை

குழாய் சூலுக்குள் புகுந்து, துணைச் செல்களில் ஒன்றில் வெடித்து, இரண்டு விந்தணுக்களையும் விடுகிறது. ஒன்று முட்டையோடு சேர்கிறது: 12, 12, ஆக 24. இதுதான் கரு, அதாவது முளை. இன்னொன்று என்ன ஆகிறது என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 1898இல் கீவ் நகரத்துத் தாவரவியலாளர் செர்கெய் நவாஷின் அல்லிவகைச் செடிகளில் அதைக் கண்டார். இரண்டாவது விந்தணு, முட்டை இருக்கும் பையின் நடுவே இரண்டு உட்கருக்களோடு காத்திருக்கும் பெரிய செல்லோடு சேர்கிறது. நெல்லில் இந்தக் கணக்கு 12, 12, 12, மொத்தம் 36. இதிலிருந்து வளர்வது கருவூண், கருவுக்கான சாப்பாடு.

முதல் சில நாட்கள் இந்தக் கருவூணில் உட்கருக்கள் மட்டும் பெருகும், இடையில் சுவர் எழாது. தேங்காயில் இந்த நிலை மாதக்கணக்கில் நீடிப்பதால்தான் இளநீர் குடிக்கிறோம், அதுவும் கருவூணே. நெல்லில் சீக்கிரமே சுவர் எழுந்து மாவு சேர ஆரம்பிக்கிறது. நசுக்கினால் வெள்ளையாக வரும். பால் பிடித்திருக்கிறது என்போம்.

ஆலையில் தவிட்டோடு முளையும் போய்விடுகிறது. தட்டில் விழும் வெள்ளைச் சோற்றில் மிஞ்சுவது கருவூண் மட்டும். இரண்டாவது விந்தணு சேராத நெல்லில் சோறு இல்லை.

வேண்டுமென்றே விளைவிக்கும் பதர்

தன் மகரந்தத்தைத் தன் மேலேயே கொட்டிக்கொள்ளும் பயிரில் கலப்பின விதை எடுப்பது எப்படி? ஒவ்வொரு பூவாகத் திறந்து ஆறு பைகளையும் கிள்ளி எடுக்கலாம். ஆய்வாளர் செய்யலாம், விதை வியாபாரத்துக்கு ஆகாது. மகரந்தம் தானாகவே கெடும் செடி வேண்டும்.

சீனாவின் யுவான் லாங்பிங் இதைத் தேடி அலைந்தவர். 1970 நவம்பரில் ஹாய்னான் தீவில் அவர் குழுவினர் ஒரு காட்டு நெல்லைக் கண்டார்கள். அதன் மகரந்தம் எல்லாம் சூம்பியிருந்தது; சூலகம் நன்றாக இருந்தது. அந்த ஒரு செடியின் வம்சத்திலிருந்துதான் 1976 முதல் சீன வயல்களில் கலப்பின நெல் பரவியது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994இல் வெளியிட்ட முதல் கலப்பின நெல் இந்த வழியில் வந்ததே.

அந்தக் காட்டு நெல்லில் என்ன கோளாறு? கோளாறு உட்கருவில் இல்லை. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் இருந்தது. 2013இல் சீன ஆய்வாளர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். அந்த மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு மரபணு உண்டாக்கும் புரதம் ஊட்டுப்படலத்தில் சேர்கிறது. படலம் உரிய காலத்துக்கு முன்பே செத்துவிடுகிறது. ஹொக்கைடோவின் குளிரில் அது தாமதம், இங்கே அவசரம். இரண்டிலும் பட்டினி கிடப்பது மகரந்தம். மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக மட்டுமே போவதால், இந்தச் செடிக்கு எந்த மகரந்தத்தைத் தந்தாலும் பிறப்பவற்றுக்கும் அந்த மைட்டோகாண்ட்ரியாவே கிடைக்கும். தகப்பன் ரகத்தில் கோளாறைச் சரிசெய்யும் மரபணுக்கள் இருந்தால் மட்டும் மகரந்தம் மீளும். விவசாயி வாங்கும் விதைக்கு அத்தகைய தகப்பனையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

விதை எடுக்கும் வயலைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். எட்டு வரிசை தாய்ச் செடி, இரண்டு வரிசை தகப்பன் செடி. தாய்ச் செடியின் கதிர் கண்ணாடி இலையின் உறையை விட்டு முழுதாக வெளிவராது. அதற்கு ஜிப்ரலிக் அமிலம் தெளிப்பார்கள், இலை நுனியையும் அறுத்துவிடுவார்கள். பூக்கும் நாட்களில் காலை பத்து மணிவாக்கில் இருவர் எதிரெதிர் வரப்பில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு தகப்பன் வரிசைகளின் மேல் இழுத்துக்கொண்டே போவார்கள். மஞ்சள் தூசி எழும். அரை மணிக்கு ஒரு தரம், பூ மூடும் வரை. ஐந்து பத்து நிமிட ஆயுளுள்ள துகளைப் பக்கத்து வரிசைக்கு அனுப்ப இதைவிட நவீனமான கருவி எதையும் இன்னும் பலர் நம்புவதில்லை. இழுக்காமல் விட்ட இடம் பதர்தான்.

இப்படிக் கிடைத்த விதையை நட்டு அறுத்த நெல்லை அடுத்த போகத்துக்கு விதையாக வைக்க முடியாது. குன்றல் பிரிவில் குரோமோசோம்கள் கலைந்து பிரிந்திருக்கும். உயரமும் முற்றும் நாளும் செடிக்குச் செடி மாறும். சிலவற்றில் மகரந்தம் மறுபடி சூம்பும். அரிசியிலும் அந்தக் கலைப்பு இருக்கிறது. கலப்பினச் செடியின் கதிரில் ஒவ்வொரு மணியின் கருவூணும் தனித்தனி முட்டைப்பை, தனித்தனி விந்தணுவால் உருவானது. தாய் ரகத்து அரிசி உதிரியாக வேகும், தகப்பன் ரகத்து அரிசி குழையும் என்றால், ஒரே கதிரில் அடுத்தடுத்த இரண்டு மணிகள்கூட ஒரே பதத்தில் வேகாமல் போகலாம். அதனால் இன்று கலப்பின நெல்லுக்குப் பெற்றோரைத் தேர்ந்தெடுப்பவர்கள் விளைச்சலோடு, இரு பக்கத்து அரிசியும் ஒரே பதத்தில் வேகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுகிறார்கள்.